மட்டாஞ்சேரியில் மிதந்த சாணிக் கிணறு

நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்திலிருந்து போன மாதம் ஒரு படிவம் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் தங்கள் பணிக்காலத்தின் ‘வெற்றிக் கதை’ ஒன்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டுமாம். நீடித்த வளர்ச்சிக்கு அது எப்படி உதவியது என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டுமாம். எங்கள் காலத்தில் அந்தச் சொல்லே கிடையாது. சாணியைக் கால்வாயில் கொட்டாதே, விறகை வீணாக்காதே, கையில் இருப்பதை வைத்து நாளைக்கும் பிழைக்க வழி பார் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தால் வெற்றி எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மட்டாஞ்சேரியில் நான் கட்டிய கிணறு ஒரு காலையில் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது மட்டும்தான் வந்து நின்றது. அதையே எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு மிகும்.

நான் பிறந்து வளர்ந்தது கொச்சியில், பள்ளுருத்தியில். அப்பா மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் தராசு பிடித்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். மனையியல் படித்துவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்தபோது இந்த நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி அது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆறு வாரம் பயிற்சி. சாணியும் தண்ணீரும் சரிபாதி, கட்டி தட்டாமல் கையால் கரைக்க வேண்டும், வைக்கோல் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆறு வாரமும் இதைத்தான் கற்றேன். திரும்பி வந்ததும் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், “பொண்ணுக்கு என்ன ஜோலி?” என்று கேட்டது. அம்மா வாயைத் திறப்பதற்குள் நானே, “சாணி கரைக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தட்டில் இருந்த பழம்பொரியை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

எங்கள் அதிகாரி வர்கீஸ் சார் ஓர் எஞ்சினியர். கோயம்புத்தூரில் சில வருடம் இருந்தவர் என்பதால் என்னிடம் தமிழ்தான் பேசுவார், அல்லது அப்படி நினைத்துக்கொண்டு பேசுவார். தோள்பையில் எப்போதும் ரசமட்டம் இருக்கும். கலூர் ஆபீஸில் காலையில் வந்ததும் அதை மேசைமேல் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் மேசைக் காலுக்கு அட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் தபாலைப் பிரிப்பார். கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். “டிராயிங்கில் உண்டோ?” என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்த மாதிரி நாங்கள் வேறு எதற்கும் பயந்ததில்லை.

சாணிக் கிணறு என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மண்ணுக்குள் ஆளுயரத்துக்கும் மேல் ஆழமாக ஒரு வட்டத் தொட்டி கட்டுவோம். அதில் கரைத்த சாணியை நிரப்பி, மேலே ஓர் இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைப்போம். அடியில் புளித்து வரும் வாயு டிரம்மைத் தூக்கும், குழாய் வழியே அடுப்புக்குப் போகும். மிச்சக் கரைசல் நல்ல உரம். ஆக, மிதக்க வேண்டியது டிரம் மட்டும்தான்.

வர்கீஸ் சார் கையெழுத்துப் போடாமல் எந்தக் கிணற்றிலும் ஒரு கூடை சாணி விழக் கூடாது. கையெழுத்துக்கு முன்னால் ஒரு பெரிய சடங்கு இருந்தது. பூச்சு வேலை முடிந்தபின் கிணறு ஏழு நாள் காலியாக, உலர்ந்து, சுத்தமாகக் கிடக்க வேண்டும். எட்டாம் நாள் சார் வருவார். செருப்பைக் கழற்றி இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பார். ஏணி வழியே உள்ளே இறங்கி, சுவரைச் சாண் சாணாக ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். டாக்டர்கூட அவ்வளவு நேரம் நெஞ்சைக் கேட்க மாட்டார். சத்தம் பொள்ளலாக வந்தால் அங்கே சாக்குக்கட்டியால் ஒரு வட்டம், வட்டம் விழுந்த இடத்தைக் கொத்தி மறுபடி பூச வேண்டும். பிறகு மேலே வந்து படிவத்தை நிரப்புவார். காலியா? ஆம். உலர்ந்ததா? ஆம். சுத்தமா? ஆம். தரையிலிருந்து விளிம்பின் உயரம்? ஆறு அங்குலம். எல்லாக் கிணற்றுக்கும் ஆறு அங்குலம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் டேப் பிடித்து அளந்துதான் எழுதுவார்.

இனி மாரியம்மா அக்கா. மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு எருமை வைத்திருந்தார். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், புருஷன் செத்துப் பத்து வருடம். மட்டாஞ்சேரியில் பாதிக் கடைகளில் சாயா வெளுப்பது அக்காவின் எருமைகளால்தான். சாணி மட்டும் சந்து முனையில் இருந்த தோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோடு என்றால் இங்கே கால்வாய். நான் போய், “அக்கா, இனிமே தோட்டுல போடாதீங்க, சேர்த்து வைங்க, கிணறு கட்டினதும் முதல் நிரப்புக்கு நிறைய வேணும்” என்றேன். அவரும் சேர்த்தார். சேர்த்த இடம் ஜோசப் மாஷின் ஜன்னலுக்கு நேர் கீழே.

மாஷ் ரிட்டயரான கணக்கு வாத்தியார். ஒரு வாரம் பொறுத்தார். இரண்டாவது வாரம் ஜன்னலை அடைத்தார். மூன்றாவது வாரம் சுகாதார ஆபீஸுக்கு மனு எழுதினார், அதில் குவியலின் நீள அகல உயரத்தையும் அது நாளொன்றுக்கு எவ்வளவு வளர்கிறது என்பதையும் படம் போட்டுக் காட்டியிருந்தார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் நோட்டீஸோடு வந்தார். இன்ன தேதி நடுப்பகலுக்குள் சாணிக்கு முறையான வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆறு எருமையும் நகர எல்லைக்கு வெளியே போக வேண்டும். வெளியே அக்காவுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அதனால் வெளியே போவது என்றால் விற்பது. எருமையை விற்றால் அக்காவுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. தோட்டில் விழுந்துகொண்டிருந்த வரை யாரும் எட்டிப் பார்க்காத சாணிக்கு நோட்டீஸ் வாங்கித் தந்தவள் நான்தான்.

வேகவேகமாகக் கிணறு வெட்ட ஆரம்பித்தோம். மே மாதம்தான், ஆனாலும் இடுப்பளவு ஆழம் போவதற்குள் தண்ணீர் ஊறியது. மட்டாஞ்சேரியில் எங்கே தோண்டினாலும் அப்படித்தான். அக்கா குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது மண்ணு இல்ல மோளே, தண்ணி மேல விரிச்ச பாயி. இதுல கிணற எப்படி நிறுத்துவே?” என்றார். நான் டிராயிங்கைக் காட்டினேன். அந்த டிராயிங் பொள்ளாச்சி மாதிரி நீர்மட்டம் ஆழத்தில் கிடக்கும் ஊருக்குப் போட்டது, சிமெண்டை மிச்சம் பிடிக்க அரைச் செங்கல் கனத்தில் லேசான சுவர் வைக்கச் சொன்னது. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஆள் வைத்து இறைத்துக்கொண்டே கட்டினோம். சுப்பையா கொத்தனார் கண்ணாடி மாதிரி பூசிக் கொடுத்தார். அதன்பின் ஏழு நாள் காத்திருப்பு ஆரம்பித்தது. எட்டாம் நாள்தான் நோட்டீஸில் போட்டிருந்த தேதி.

இரண்டாம் நாள் அக்கா சொன்னார், “இத காலியா போடாத. மழ வந்தா மேல வந்துரும். கொஞ்சம் சாணி கரச்சு ஊத்திருவோம்.” நான், “சார் பாக்கணும் அக்கா” என்றேன்.

நாலாம் நாள் இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதப் பருவமழை, பிடித்துக்கொண்டது. கிணற்றுக்குள் ஒரு சொட்டு விழாதபடி மேலே தார்ப்பாய்ப் பந்தல் போட்டேன். அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். ஒரு காலிக் குடத்தை வாய் மேலே இருக்கும்படி பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். குடம் துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

“பாத்தியா?”

“குடம் வேற, கிணறு வேற அக்கா. டிராயிங் போட்டவங்க இதெல்லாம் யோசிக்காமலா போட்டிருப்பாங்க?”

“டிராயிங் போட்ட ஆளு மட்டாஞ்சேரிய பாத்திருக்கானா?”

பதில் இல்லாதபோது மனிதர்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன், கொஞ்சம் கடுப்பாகப் பேசினேன். “எனக்கு டிரெயினிங் கொடுத்திருக்காங்க அக்கா” என்றேன். உண்மை என்னவென்றால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம் இருந்தது. சார் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை நிரப்பினவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அக்கா குடத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பிறகு எருமைக்குத் தவிடு வைக்கப் போய்விட்டார்.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையோடு நடந்தேன். சந்து முனையில் திரும்பும்போதே ஜோசப் மாஷ் வாரக்கணக்கில் அடைத்து வைத்திருந்த ஜன்னலைத் திறந்துகொண்டு கத்தினார்.

“மோளே, வேகம் வா! நின்றெ கிணறு எணீற்று நிக்குந்நு!”

என் கிணறு எழுந்து நிற்கிறதாம். போய்ப் பார்த்தேன். நின்றது. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் தரைக்கு மேல் இரண்டடிக்கும் அதிகமாக எழும்பி, கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. சுற்றிலும் சேறும் நுரையும். சாயாக் கடைக்காரர் கெட்டிலோடு அங்கேயே வந்துவிட்டார். கிடங்குச் சுமைக்காரர்கள் வரிசையாக நின்று சாயா குடித்துக்கொண்டு, இது இன்னும் எவ்வளவு உயரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இதற்கு நங்கூரம் போட வேண்டும் என்றார். சுப்பையா கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு, “நாப்பது வருசமா கட்டறேன், நான் கட்டினது எதுவும் இப்படி ஏறி வந்து என்னய பாத்ததில்ல” என்று புலம்பினார்.

அக்கா தொழுவத்திலிருந்து வந்தார். பால் கறந்து முடித்த கையோடு நின்று, “இப்பவாச்சும் நிரப்பலாமா?” என்று கேட்டார்.

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அப்போதும் நான், “சார் வரட்டும் அக்கா, காலியா பாக்கணும்” என்றேன். சுமைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் எருமைகள் மிரண்டன.

எட்டு மணிப் படகில் சார் வந்து இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. அவர் கிணற்றைப் பார்த்தார். ஒரு முழுச் சுற்று நடந்து பார்த்தார். “பாக்கியலட்சுமி” என்றார். என் முழுப்பெயரைச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான்.

“சார்.”

“இது டிராயிங்கில் உண்டோ?”

“இல்ல சார்.”

“ம்.”

செருப்பைக் கழற்றினார், சேற்றிலும் வரிசையாகத்தான் வைத்தார். ரசமட்டத்தை எடுத்து விளிம்பில் வைத்தார். குமிழி ஒரு மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. பிறகு ஏணியைக் கேட்டார். கொத்தனார், “சார், வேண்டாம் சார், ஆடுது சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். சார் கேட்கவில்லை. அவர் உள்ளே கால் வைத்ததும் கிணறு ஒரு விரல்கடை தாழ்ந்தது. உள்ளேயிருந்து டொக், டொக் என்று நாணயச் சத்தம் மட்டும் வந்தது. சாண் சாணாக, ஒரு சுற்று விடாமல். அரை மணி நேரம் கழித்து அவர் தலை மேலே வந்தது.

“சுப்பையா, ஒரு வட்டம்கூட இல்ல. நல்ல பூச்சாக்கும்.”

கொத்தனார் அழுதேவிட்டார்.

சார் படிவத்தை எடுத்தார். காலியா? ஆம். உலர்ந்ததா? ஆம். சுத்தமா? ஆம். டேப்பை எடுத்துத் தரையிலிருந்து விளிம்பு வரை அளந்தார். சாய்ந்திருந்ததால் நாலு பக்கமும் அளந்து சராசரி எடுத்தார். ஆறு அங்குலம் எழுதுகிற கட்டத்தில் ‘இரண்டு அடி நாலு அங்குலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவம் உயரத்தைக் கேட்டது, அவர் உயரத்தைக் கொடுத்தார்.

“இனி நிறைக்கலாம்” என்றார். “பன்னெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வரும் அல்லே?”

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அந்தச் சந்தில் நடந்ததை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்தார். நானும் கொத்தனாரும் கரைக்க, சுமைக்காரர்கள் கூடை தூக்க, சாயாக் கடைக்காரர் மழைத் தண்ணீரை வாளியில் மொண்டு தர, கடைசியில் ஜோசப் மாஷும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். “மாஷ், நீங்க எதுக்கு?” என்றேன். “எனிக்கு இந்தக் குவியலோடு பழைய கணக்கு உண்டு” என்று சொல்லிக் கூடையைத் தலைக்கு ஏற்றினார். அவரைவிட வேகமாக யாரும் ஓடவில்லை. ஐம்பது கூடைக்கு ஒரு முறை நின்று, குவியலில் எவ்வளவு பாக்கி என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடினார்.

கிணறு இறங்க ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. சார்தான் ஓரமாக நின்று டேப்பால் அளந்து, “ஒண்ணே முக்கால்” என்றார். கொஞ்ச நேரத்தில் “ஒண்ணரை” என்றார். சுமைக்காரர்கள் அதற்கு ஏற்றாற்போல் தாளம் போட்டுக்கொண்டு கூடை வீசினார்கள். அடியில் சேறு புகுந்திருந்ததால் முழுசாக இறங்கவில்லை. முக்கால் அடியில், லேசாகச் சாய்ந்தபடி நின்றுவிட்டது. பிறகு இருந்த காலமெல்லாம் அப்படித்தான் இருந்தது. டிரம் ஒரு பக்கம் உரசி, வாயு ஏறும்போதெல்லாம் கிறீச்சிடும்.

பன்னிரண்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குவியலைத் தேடினார், இல்லை. புகார் கொடுத்தவரைத் தேடினார், முழங்கை வரை சாணியோடு முன்னால் நின்றார். “மாஷே, பரிபவம் எந்தா?” என்று குறையைக் கேட்டதற்கு, “ஒன்னுமில்லா” என்றார் மாஷ். இன்ஸ்பெக்டர் சாய்ந்த கிணற்றைப் பார்த்தார், சாரின் படிவத்தைப் பார்த்தார், வர்கீஸ் சாரின் முகத்தைப் பார்த்தார். எதையும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. நோட்டீஸின் பின்பக்கம் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சந்தே கூச்சல் போட்டது. நானும் போட்டேன்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு லாரி சந்து முனையில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, தலை முதல் கால் வரை சாணியாக நின்ற எங்களைப் பார்த்துத் திகைத்து, “மாரியம்மா யாரு? பொள்ளாச்சிச் சந்தைக்கு ஆறு எருமை ஏத்தணும்னு சொன்னாங்க. எருமையா, ஆளுங்களா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எப்ப சொல்லிவிட்டீங்க அக்கா?”

“நாலு நாள் ஆச்சு.”

நாலு நாளைக்கு முன்னால் கிணறு மண்ணுக்குள் ஒழுங்காகத்தான் இருந்தது. குடத்தை அமுக்கிக் காட்டிய அன்றைக்கே லாரிக்கும் சொல்லிவிட்டிருக்கிறார்.

“கிணறு மேல வரும்னு தெரியும்” என்றார் அக்கா. “நீ கேக்க மாட்டேன்னும் தெரியும். பின்ன என்ன செய்யச் சொல்ற?”

டிரைவருக்கு சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். நான் கை கழுவுகிற சாக்கில் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுகை வந்தது. கிணறு எழுந்ததற்கு வரவில்லை, சாருக்குப் பயந்தும் வரவில்லை. நாலு நாள் அந்த அம்மாள் ஆறு எருமைக்கும் ஒவ்வொரு வேளையும் தவிடு வைத்துக்கொண்டே விடை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் குடை பிடித்து வந்து, உலர்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

மறுநாள் ஆபீஸில் அறிக்கை எழுத வேண்டும். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘எதிர்பாராத மழை’ என்று எழுதிக் கொண்டுபோனேன். சார் படித்தார். “பாக்கியலட்சுமி, ஜூன் மாசம் கொச்சியில் மழ. ஆரு எதிர்பார்க்கல?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் திரும்பும்போது, “டிராயிங் அனுப்பினது ஞான். அதும் எழுதணும்” என்றார்.

மறுபடி எழுதினேன். வறண்ட நிலத்துக்கான வரைபடத்தை நீர் ஊறும் நிலத்தில் பயன்படுத்தியது நிறுவனத்தின் தவறு. காலியாக விட்டால் எழும்பும் என்று எருமைக்காரர் மாரியம்மா முன்கூட்டியே சொன்னார், செய்தும் காட்டினார். களப்பணியாளர் கேட்கவில்லை. அது களப்பணியாளரின் தவறு. சார் ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். நீர் ஊறும் இடங்களில் மழைக்கு முன் கிணற்றைத் தண்ணீரால் நிரப்பி வைக்க வேண்டும் என்று அன்றைக்கே எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போனது. எனக்கு வேலை நிரந்தரமானது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையின் ஒரு நகலை அக்காவுக்குக் கொண்டுபோகச் சொன்னார் சார். நான் போனபோது அக்கா கறந்துகொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. “என்ன கடுதாசி? மறுபடி நோட்டீஸா?” என்றார். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அவர் பெயர் வந்த இடத்தில் கறந்த கை நின்றது.

“அந்த வரிய இன்னொரு தடவ படி.”

படித்தேன்.

“நீ கேக்கலன்னு நீயே எழுதியிருக்கியா?”

“ஆமா அக்கா.”

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மாஷே, ஜன்னல தொறங்க! இவ ஒண்ணு எழுதிக் கொண்டாந்திருக்கா, கேளுங்க!” பிறகு என் பக்கம் திரும்பி, “ம், சத்தமா படி” என்றார்.

சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன்.